பீடம் எந்தப் பக்கம்?

கஸ்பார் மச்சாடோ காணாமல் போய் இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது!

அவருடைய ஊசிப் பெட்டி மட்டும் காணாமல் போகவில்லை. அது தங்கும் அறையின் குளிர்பெட்டியில், ஒரு திராட்சைக் குலைக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பிலோமி அதை எடுத்துத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பத்து வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிற மனிதர் அவள் கணவர். நேற்றுக் காலை ஊசி போட்டுக்கொண்டு கிளம்பியவர் மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். மதிய ஊசி தவறியது. இரவு ஊசி தவறியது. இதோ, இன்றைய காலை ஊசியும் தவறிவிட்டது. தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் ஏழு வருடமாக நர்சு வேலை பார்ப்பவள் பிலோமி. ஊசி இல்லாமல் அந்த உடம்பு இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் பெட்டியைத் தோள்பையில் போட்டுக்கொண்டாள்.

இடம் எது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் இவர்களைப் போலவே குழம்பிப் போவீர்கள். துருக்கியின் நடுவே கப்பதோக்கியா என்றொரு பிரதேசம். தூய ஆவிப் பெருவிழாவில் வாசகம் வாசிக்கிறவர் ஆண்டுதோறும் தடுக்கி விழும் ஊர்ப் பெயர்களில் இதுவும் ஒன்று. எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லாகி, மழையிலும் காற்றிலும் தேய்ந்து, கூம்பு கூம்பாக நிற்கும் நிலம். அந்த மெத்தென்ற கல்லுக்குள் ஆதிக் கிறிஸ்தவர்கள் வீடு குடைந்தார்கள், கோயில் குடைந்தார்கள், பகைவர் வந்தால் ஒளிந்துகொள்ள அடுக்கடுக்காக ஊரையே குடைந்தார்கள். எருசலேமில் தொடங்கிய சமயம் வடக்கே கருங்கடலுக்கு அப்பால் போய்ச் சேர்ந்ததில் இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன பங்கு என்பதுதான் கஸ்பாரின் ஆராய்ச்சி. பழைய துறவி ஒருவரின் கடிதத்தில் ‘பெயர்களின் கோயில்’ என்று ஒரு வரி வருகிறது. அந்தக் கோயில் இந்தக் கும்ருலு பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது என்று அவர் அடித்துச் சொன்னார். மற்ற அறிஞர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்குப் பதில் சொல்லத்தான் புறப்பட்டு வந்தார்.

தனியாக வரவில்லை. மனைவி பிலோமியும், அவளுடைய அண்ணன் இன்னாசியும் கூட வந்தார்கள். இன்னாசி சங்கு குளிக்கிறவன். அவர்கள் ஊரான முத்தந்துறையில் ஒரு வழக்கம் உண்டு: கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் மேலே பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாதே என்ற பயத்தில் அவன் கண்ணயர மாட்டான் அல்லவா? காற்றுக் குழாயும் முகமூடியும் வந்தபிறகும் முத்தந்துறைக்காரர்கள் இதை விடவில்லை. சுரங்க ஊருக்குள் இறங்குவதும் ஒரு முக்குளிப்புத்தானே என்று கஸ்பார் மச்சானைக் கையோடு விமானத்தில் ஏற்றிவிட்டார்.

அந்த மச்சான்தான் முந்தாநாள் இரவு சண்டை போட்டான்.

“அஞ்சு நாளா கல்லப் பாத்தாச்சி மாப்ள. சோறு இல்ல, மீனு இல்ல, குளிரு எலும்பத் திங்குது. ஊர்ல சங்குப் பருவம் தொடங்கப் போவுது. டிக்கெட்டப் போடுங்க, நான் போறேன்” என்றான்.

“அப்ப நாளைக்கு நான் தனியாப் போறேன்” என்றார் கஸ்பார்.

“போங்க. கல்லுக்குள்ள என்ன சுறாவா இருக்கு?”

இந்த ஒரு வாக்கியத்தை இருபத்திரண்டு மணி நேரமாக இன்னாசி மனத்துக்குள் மென்று கொண்டிருந்தான். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மீட்புக் குழு வரவில்லையா என்று கேட்பீர்கள். நேற்று மாலையே அழைத்தார்கள்; விடிந்ததும் வருகிறோம், அதுவரை யாரும் உள்ளே இறங்க வேண்டாம் என்றார்கள். விடிந்ததும், மேற்கே மலைப்பாதையில் மண் சரிந்து ஒரு பேருந்து மாட்டிக்கொண்டதாகவும், குழு முழுவதும் அங்கே இருப்பதாகவும், மாலைக்குள் வருவதாகவும் பதில் வந்தது.

“மாலைக்குள்ளயா!” பிலோமி எழுந்தாள். “அண்ணே, கயித்த எடுங்க. நாமளே எறங்குவோம்.”

இன்னாசி கயிற்றை ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தான்.

அவர்களோடு வந்த மூன்றாவது ஆள் ஹதிஜே. ஐம்பது வயது, அகன்ற தோள், டிராக்டர் ஓட்டுகிற கை. அவள் வீட்டில்தான் இவர்கள் தங்கியிருந்தார்கள். அவள் திராட்சைத் தோட்டத்து நிலவறையின் பின்சுவரில்தான் சுரங்க ஊரின் வாசல் இருந்தது. பயணிகளிடம் கற்ற ஆங்கிலம் அவளுக்குத் தெரியும். பிலோமிக்கும் ஆங்கிலம் தெரியும். இன்னாசிக்குக் கை தெரியும். அவன் கையாலேயே ஹதிஜேயிடம் இட்லிக்கு வழி கேட்டவன்.

வழிகாட்ட அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு தாளின் படம். நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு நிலவறைக்கு ஏறி வந்து, குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து பிலோமியின் போனுக்கு அனுப்பியிருந்தார் கஸ்பார். அவசரக் கையெழுத்து:

‘இரண்டாம் தளம். சதுர அறை. இதுவே சிறு கோயில்! பீடத்துச் சுவரில் உள்ள வாசல். மூன்றாவது முக்கில் வலது. உருள்கல். அப்பால் காற்று வருகிறது!!’

“ரெண்டு ஆச்சரியக் குறி போட்டிருக்காக. நேரா ஓடியிருப்பாக” என்றாள் பிலோமி. அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

மூவரும் இறங்கினார்கள். முதல் தளத்தில் பழைய களஞ்சியங்கள், தொழுவங்கள். குனிந்து குனிந்து படியிறங்கினால் இரண்டாம் தளம். அங்கே சதுர அறையும் இருந்தது. ஆனால் என்ன கொடுமை! அது கோயில் என்று யார் சொல்லுவார்கள்? பின்னால் வந்தவர்கள் அதைத் திராட்சை மிதிக்கும் கூடமாக ஆக்கி, தரையில் தொட்டி வெட்டி, சுவர்களைச் செதுக்கித் தட்டையாக்கியிருந்தார்கள். சிலுவை இல்லை, மாடம் இல்லை, பூசை செய்யும் பீடம் இருந்த தடமும் இல்லை. எதிரெதிராக இரண்டு சுவர்களில் இரண்டு வாசல்கள் மட்டும் இருட்டைக் காட்டிக்கொண்டு நின்றன.

“பீடம் எந்தப் பக்கம் இருந்திருக்கும்?” என்றாள் பிலோமி.

இன்னாசி சட்டைப்பையிலிருந்து படகுக் காம்பஸை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். முள் ஆடி நின்றது. “ஒரு வாசல் கெழக்க. ஒண்ணு மேக்க. அப்ப மேக்கதான்!”

“மேக்கதான்” என்றாள் பிலோமி.

இரண்டு பேருக்கும் அதில் துளி சந்தேகம் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவர்கள் பார்த்த கோயில் அப்படி. முத்தந்துறையில் கடல் கிழக்கே. கட்டுமரம் ஏறி வருகிறவன் தூரத்திலிருந்தே கோயில் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வாசலைக் கடலைப் பார்த்து வைத்தார்கள். வாசல் கிழக்கே என்றால் பீடம் மேற்கே. பக்கத்துக் கடற்கரை ஊர்களிலும் அப்படியே. பீடம் வேறு திசையில் இருக்கலாம் என்பது, கடல் வேறு திசையில் இருக்கலாம் என்பது போல அவர்களுக்குத் தோன்றவே தோன்றாத விஷயம்.

ஹதிஜே விளக்கோடு அந்த அறையிலேயே நின்று கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்; மறுமுனை இன்னாசியின் இடுப்பில். இவர்கள் மேற்கு வாசலில் நுழைவதைப் பார்த்து அவள் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. கயிற்றை மட்டும் விட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு முக்கு! இரண்டு! மூன்று! சொன்னபடியே வலது பக்கம் ஒரு வழியும் பிரிந்தது!

“பாத்தியாட்டி!” என்று கத்தினான் இன்னாசி.

இருபது அடியில், வழியை அடைக்க உருட்டிவிடும் வட்டமான உருள்கல்லும் கிடைத்தது. ஆனால் அது இரண்டாக உடைந்து தரையில் படுத்திருந்தது. அதற்கப்பால் காற்று வரவில்லை. புழுங்கிய வாடைதான் வந்தது. பாதை நான்காகப் பிரிந்தது.

“இதுதானா?”

“இதுதான் உருள்கல்லு. ஆனா காத்து எங்க?”

“காத்து அங்கிட்டு இருக்கும். வாங்க.”

நான்கில் ஒன்றில் போனார்கள். அது வளைந்து வளைந்து ஓர் அறையில் முடிந்தது. அறையில் மூன்று குழிகள். திரும்பி வந்து இரண்டாவதில் போனார்கள். அதுவும் வளைந்து வளைந்து மூன்று குழிகள் உள்ள அறையில் முடிந்தது. அது முந்தின அறையா, வேறு அறையா? பிலோமி அது வேறு என்றாள். இன்னாசி அதே என்றான். தரையில் கிடந்த காலடித் தடத்தைப் பார்த்து, “மாப்ள தடம்!” என்று துள்ளினான். பிறகு தன் செருப்பைத் தூக்கிப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

நூறு மீட்டர்க் கயிறு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது.

“என்னங்க!” என்று பிலோமி இருட்டுக்குள் கூவினாள்.

“...ங்க!” என்று பதில் வந்தது.

“அண்ணே! அவுகதான்! அவுக குரல்தான்!”

“இரு, இரு. இன்னொரு தடவ கூப்பிடு.”

“என்னங்க! எங்க இருக்கீக?”

“...இருக்கீக!” என்றது இருட்டு, இந்த முறை இடது பக்கத்திலிருந்து. அடுத்த முறை பின்னாலிருந்து. பிறகு கீழேயிருந்து. தன் குரலே தன்னை நாலா பக்கமும் அழைப்பதை பிலோமி உணர்வதற்குள் இன்னாசி கீழிருந்து வந்த குரலை நோக்கிப் பாய்ந்துவிட்டான்!

தரை அங்கே இல்லை.

அது பழைய காற்றுத் துவாரம், கிணறு போல நேரே கீழே இறங்குவது. இன்னாசி போன வேகத்தில் இடுப்புக் கயிறு விண்ணென்று இறுகியது. பிலோமி கயிற்றைப் பிடித்தபடி குப்புற விழுந்தாள், உள்ளங்கை தோல் உரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு கால்களைச் சுவரில் முட்டுக்கொடுத்தாள். தூரத்தில் ஹதிஜே என்ன நடந்தது என்று தெரியாமலே தன் முனையைத் தொட்டியோரத்தில் துருத்திய கல்லில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அதுதான் அவனைக் காப்பாற்றியது.

மேலே ஏறி வந்த இன்னாசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். முட்டி இரண்டும் ரத்தம்.

“நாம தப்பா வந்திருக்கோம்” என்றான் கடைசியாக.

“எது தப்பு? எழுதியிருக்கிறபடிதானே வந்தோம்?”

“தெரியலட்டி. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா எதுவும் சரியா இல்ல.”

சதுர அறைக்குத் திரும்பினார்கள். ஒன்றரை மணி நேரம் வீண்! பிலோமி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, உரிந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஹதிஜே அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டாள்: “நீங்கள் ஏன் அந்தப் பக்கம் போனீர்கள்?”

“பீடம் இருக்கும் பக்கம் போகச் சொல்லி எழுதியிருக்கிறார்.”

“பீடம் அந்தப் பக்கம் இல்லையே.” ஹதிஜே எதிர்ச் சுவரைக் காட்டினாள். “இந்த நாட்டில் எந்தப் பழைய கோயிலை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பீடத்துக்கான அரைவட்டச் சுவர் கிழக்கேதான். அந்தக் கால ஆட்கள் சூரியன் உதிக்கும் பக்கம் திரும்பி நின்று ஜெபித்தார்கள். எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும்.”

பிலோமி வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தாள். “இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?”

“நான் முஸ்லிம். நீங்கள்தானே கிறிஸ்தவர்கள்! உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.”

பிலோமி தமிழில் சொன்னதும் இன்னாசி தலையில் அடித்துக்கொண்டான். “அட மாதாவே! நம்ம ஊருக் கோயில வச்சி உலகத்த அளந்துட்டோமே!”

மூவரும் கிழக்கு வாசலில் பாய்ந்தார்கள். ஒரு முக்கு. இரண்டாம் முக்கு. மூன்றாவதில் வலது. அங்கே, வழியை முழுவதும் அடைத்துக்கொண்டு, ஆளுயரத்தில் ஓர் உருள்கல் நின்றது. உடையாத கல்! திரிகைக் கல்லைச் செங்குத்தாக நிறுத்தியது போல, நடுவில் கை நுழையும் ஒரு துளை. அந்தத் துளை வழியே முகத்தில் ஜில்லென்று காற்று அடித்தது!

பிலோமி துளையில் வாயை வைத்தாள். “என்னங்க!”

எதிரொலி வரவில்லை. முனகல் ஒன்று வந்தது.

“என்னங்க, நான் பிலோமி!”

“பிலோமி டூட்டிக்குப் போயிருக்கா...” என்றது கஸ்பாரின் குரல், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல. “நீங்க யாரு? வலையக் காயப்போட்டாச்சா? அம்மா தண்ணி கேட்டேனே...”

உயிரோடு இருக்கிறார்! ஆனால் நினைவு கலங்கிவிட்டது. சர்க்கரை தலைக்கு ஏறிவிட்டது என்று பிலோமிக்குப் புரிந்தது. அடுத்து மயக்கம், அதற்கடுத்து என்ன என்பதை அவள் நினைக்க மறுத்தாள்.

இன்னாசி கல்லில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். ஹதிஜேயும் தள்ளினாள். அசையவில்லை. அசையாது. பகைவர் வந்தால் உள்ளேயிருந்து உருட்டி அடைப்பதற்கென்றே செய்த கதவு அது. வெளியேயிருந்து திறக்க முடிந்தால் அப்புறம் என்ன காவல்? கஸ்பார் நுழைந்தபோது, அதற்கு முட்டுக்கொடுத்திருந்த சின்னக் கல்லில் கால் இடறி, உருள்கல் தானாக உருண்டு வழியை மூடியிருக்க வேண்டும். உள்ளே இருந்தும், கடப்பாரை இல்லாமல் தனி ஆளாக அவரால் அதை நகர்த்த முடிந்திருக்காது.

“ஊசியை இந்தத் துளை வழியாகக் கொடு!” என்றாள் ஹதிஜே.

“அவரால் எழுந்து வந்து வாங்க முடியாது. வந்தாலும் எத்தனை போடுவது என்று தெரியாது. தாறுமாறாகப் போட்டுக்கொண்டால் அதுவும் ஆபத்து.”

அப்போது துளை வழியே காற்றோடு ஏதோ ஒன்று பறந்து வந்து பிலோமியின் முடியில் ஒட்டியது. ஹதிஜே அதை எடுத்து விளக்கில் பிடித்தாள். சாம்பல் நிறப் புறா இறகு!

அவள் முகம் மாறியது. “இது என் புறா!”

கப்பதோக்கியாவின் திராட்சை விவசாயிகள் மலைச் சுவரில் புறாக்கூடுகள் வைத்திருப்பார்கள். கல்லைக் குடைந்து, முன்னால் சின்னச் சின்னத் துளைகள் விட்டுச் செங்கல்லால் அடைத்துவிடுவார்கள். புறாக்கள் ஆண்டு முழுவதும் உள்ளே எச்சம் போடும். குளிர் முடிந்ததும் ஒருநாள் மட்டும் அடைப்பைத் திறந்து எருவை அள்ளிக் கொடிகளுக்குப் போட்டு, மறுபடி பூசிவிடுவார்கள். ஆட்கள் விட்டுப் போன பழைய கோயில்கள் பலவற்றை இப்படிப் புறாக்கூடாக்கியதும் உண்டு. ஹதிஜேயின் கூடு தோட்டத்தின் கிழக்கு விளிம்பில், செங்குத்துப் பாறையின் முகத்தில் இருந்தது. அதன் பின்சுவர் பூசியது என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் என்ன என்று அவள் வீட்டில் யாரும் இடித்துப் பார்த்ததில்லை.

திட்டம் இரண்டு நிமிடத்தில் தயாரானது. பிலோமி கல்லருகே இருந்து கஸ்பாரைத் தூங்க விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னாசி பாறை உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி, புறாக்கூட்டை உடைத்து, பின்சுவரை உடைத்து உள்ளே போய், உருள்கல்லை உள்ளேயிருந்து திறக்க வேண்டும். கயிறு?

“கயித்த யாரு பிடிக்க?” என்றான் இன்னாசி.

தங்கையைப் பார்த்தான். அவளை இங்கிருந்து நகர்த்த முடியாது. ஹதிஜேயைப் பார்த்தான். சாதிசனம் இல்லாத ஒருவர் கையை மட்டும் நம்பி அவன் இதுவரை கயிற்றில் இறங்கியதில்லை. ஆனால் யோசிக்க நேரம் எங்கே?

பாறை உச்சியில் ஹதிஜே டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இன்னாசி கயிற்றை அதன் பின்கொக்கியில் சுற்றி, விரல்களால் பாடம் நடத்தினான். ஒரு இழுப்பு: விடு. இரண்டு இழுப்பு: நிறுத்து. மூன்று: தூக்கு! ஹதிஜே மூன்றையும் இழுத்துக் காட்டித் தலையாட்டினாள். பிறகு தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிவிட்டாள். எதற்கு என்று அவனுக்கு அப்போது புரியவில்லை.

கடப்பாரையோடு இறங்கினான். கீழே நூற்றைம்பது அடிப் பள்ளம். காற்று அவனைப் பாறையில் மோதியது. கடலில் தண்ணீர் ஆளைத் தாங்கும், இங்கே தாங்க ஒன்றுமில்லை. ஒரு இழுப்பு. இறங்கினான். இன்னொரு இழுப்பு. வெள்ளைப் பூச்சில் சிவப்புப் பூ வரைந்த செங்கல் அடைப்பு கண்ணுக்கு நேரே வந்தது. இரண்டு இழுப்பு! கயிறு சட்டென்று நின்றது. பரவாயில்லையே, இந்த அம்மா ஊரில் எனக்குக் கயிறு பிடிக்கும் என் மச்சானை விட நன்றாகப் பிடிக்கிறாளே!

நாலே குத்தில் செங்கல் உதிர்ந்தது. அவ்வளவுதான்! இருநூறு முந்நூறு புறாக்கள் ஒன்றாக அவன் முகத்தில் வெடித்தன. இறகு, தூசி, எச்சம்! கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் உருண்டான். உள்ளே முழங்கால் ஆழத்துக்கு எரு. கழுத்துத் துணி எதற்கு என்று இப்போது புரிந்தது. தடவித் தடவிப் பின்சுவரைக் கண்டான். மண்பூச்சு, அதில் இறகு நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். குத்தினான். குத்தினான். மூச்சு முட்ட முட்டக் குத்தினான். சுவர் பொலபொலவென்று அப்பால் சரிந்தது!

தலைவிளக்கை உள்ளே திருப்பியவன் ஒரு கணம் எதற்கு வந்தோம் என்பதையே மறந்தான். வெளிச்சமே படாமல் அடைபட்டுக் கிடந்ததால் சுவரெல்லாம் நேற்றுத் தீட்டியது போல நீலமும் சிவப்பும். பெரிய கண்களோடு புனிதர்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் கஸ்பார் சுருண்டு கிடந்தார்.

“மாப்ள! மாப்ள!”

“மச்சான், பருவம் தொடங்கிருச்சா?” என்றார் கஸ்பார் கண்ணைத் திறக்காமல்.

“தொடங்கட்டும், கெடக்கட்டும்!” இன்னாசி அழுதுகொண்டே உருள்கல்லுக்கு ஓடினான். கடப்பாரையைக் கல்லின் அடியில் கொடுத்து நெம்பினான். உள்பக்கத்திலிருந்து அது ஒரு சாண் அசைந்தது. இன்னும் ஒரு நெம்பு! ஆள் நுழையும் இடைவெளி விழுந்ததும் பிலோமி பக்கவாட்டில் நுழைந்து ஓடிவந்தாள்.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். கருவி எண்ணே காட்டவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. ஊசியைப் போட்டாள். தண்ணீரை மூடி மூடியாக உதட்டில் விட்டாள். பத்து நிமிடம். இருபது நிமிடம். இன்னாசி மண்டியிட்டுத் தெரிந்த ஜெபம் எல்லாவற்றையும் வரிசை தப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அரை மணி கழித்துக் கஸ்பார் கண்ணைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். “ஏன் மச்சான் மேல இவ்வளவு வாடை?”

பிலோமி அவரைப் பளாரென்று ஓர் அடி அடித்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். மீட்புக் குழு மூன்றரை மணிக்கு வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது.

நகரத்து மருத்துவமனையில் நான்கு நாள். தொல்லியல் அதிகாரிகள் வந்தார்கள், கோயிலுக்குக் காவல் போட்டார்கள், ஹதிஜேயின் புறாக்களுக்குப் பக்கத்திலேயே புதுக்கூடு கட்டித்தர எழுதிக் கொடுத்தார்கள். கட்டிலில் சாய்ந்தபடி கஸ்பார் சுவர்ப் படங்களை இன்னாசிக்குக் காட்டினார். ஓவியங்களுக்குக் கீழே, அவற்றை விட மிகப் பழைய கிரேக்க எழுத்துகள் கல்லில் வெட்டியிருந்தன. இருபத்தேழு பெயர்கள்.

“ஆயிரத்து எழுநூறு வருசத்துக்கு முந்தி கருங்கடலுக்கு அங்கிட்டு இருந்து கோத்தர்னு ஒரு கூட்டம் படகுல வந்து இந்த ஊருச் சனங்களப் பிடிச்சிக்கிட்டுப் போனாங்க மச்சான். அடிமையாப் போனவங்கதான் அந்தக் கூட்டத்துக்கு வேதத்தச் சொல்லிக் கொடுத்தாங்க. ராஜாவோ படையோ இல்ல. கட்டி இழுத்துட்டுப் போன ஆட்கள்! இது அவங்க பேருதான்னு நெனக்கிறேன்.”

இன்னாசி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். “இதுல திரும்பி வந்தது யாரு?”

“யாரும் வந்ததாத் தெரியல.”

“இந்தப் பேரு யாரு?”

“அம்மியா. பொம்பளப் பேரு.”

“இவ வந்துட்டா.”

கஸ்பார் நிமிர்ந்தார். இன்னாசி விரலால் காட்டினான். ஒவ்வொரு பெயருக்கும் கீழே கல்லில் ஒரு சின்னக் குழி, விளக்கு வைக்க. குழிக்கு மேலே புகைக்கரி. இருபத்தாறு பெயர்களுக்கு மேலே கரி தடிமனாக, தார் பூசியது போல ஏறியிருந்தது. அம்மியாவுக்கு மட்டும் லேசான நிழல் போல.

“கடலுக்குப் போனவன் வரலன்னா நம்ம ஊர்ல என்ன செய்வாங்க? அவன் படத்துக்கு முன்னால வருசக்கணக்கா வெளக்கு எரியும். வந்துட்டா அணைச்சிருவாங்க. இவ வெளக்கு கொஞ்ச நாள்தான் எரிஞ்சிருக்கு.”

“அணைச்சதுக்கு வேற காரணமும் இருக்கலாம் மச்சான். ஏத்துறவங்க செத்திருக்கலாம். இத ஆதாரம்னு எழுத முடியாது.”

“நீங்க எழுதாதீங்க. நான் சொல்லுதேன்” என்றான் இன்னாசி.

முத்தந்துறையில் அவர்களை வரவேற்க வேட்டுப் போட்டார்கள். பங்குச் சாமியார் ஞாயிறு பூசைக்குப் பிறகு கஸ்பாரைப் பேசச் சொன்னார். நான்கைந்து நாட்டு அறிஞர்கள் அவருக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார்கள், முன்பு சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். கஸ்பார் கப்பதோக்கியாவைப் பற்றிச் சொன்னார், கோத்தர்களைப் பற்றிச் சொன்னார், தான் ஊசியும் எடுக்காமல், கயிறு பிடிக்க ஆளும் இல்லாமல் தனியாகப் போனது மடத்தனம் என்றும் மறைக்காமல் சொன்னார். சனங்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் கட்டி இழுத்துப் போகப்பட்ட இருபத்தேழு பேரைப் பற்றியும், அம்மியாவின் விளக்கைப் பற்றியும் சொன்னதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் கடலுக்குப் போய் வராத ஒருவர் இருந்தார்.

முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார். பதினோரு வருடத்துக்கு முன் புயலில் மகனைக் கொடுத்தவர். “அந்த அம்மியான்னு ஒரு பிள்ள... அது வந்துச்சா தம்பி?”

கஸ்பார் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி நின்றார். உறுதியாகத் தெரியாது என்பதுதான் ஓர் அறிஞர் சொல்ல வேண்டிய பதில். அது அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“வந்துட்டா!” என்று பின்வரிசையிலிருந்து இன்னாசி கத்தினான்.

அந்த அம்மாள் திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு கஸ்பாரைப் பார்த்தார். உருள்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று தனக்காகக் கூவிய பிலோமியின் குரல் கஸ்பாருக்கு ஞாபகம் வந்தது. காத்திருக்கிறவர்களுக்குத் தெரிந்தது எல்லாம் தன் புத்தகத்தில் அடங்காது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

“ஆமா அம்மா, வந்துட்டா” என்றார்.

அம்மாள் நெஞ்சில் கை வைத்து, நல்லது என்பது போலத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.